வாய் தானாகச் சொன்னது

ராயபுரத்தில் காலையிலேயே மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. இந்த லட்சணத்தில் மகள் கரோலின் போன் செய்து, ஐஸ் பிடித்துவிட்டதால் விமானம் இன்று கிளம்பாது என்கிறாள். கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஆலிஸுக்கு வந்தது.

நாளை மகன் டெரிக்கின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அத்தைக்காரி கரோலின்தான் ஞானத்தாய். இதை விட்டால் தவக்காலம், ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். அது முடிவதற்குள் டெரிக் வேலைக்குக் கப்பலேறிவிடுவான். மகள் துணை விமானி என்று தெருவெல்லாம் பெருமைதான். வீட்டு விசேஷம் ஒன்றுக்காவது நேரத்துக்கு வந்து தொலைத்திருக்கிறாளா?

"ஓட்றதே நீதானேடி. அத்த ஓட்டிகினு வர்றதுக்கு இன்னா?" என்றாள் ஆலிஸ்.

கரோலின் பொறுமையாகச் சொன்னாள். அங்கே பனி கொட்டுகிறது. கிளம்புமுன் கேப்டன் ஒவ்வொன்றாகக் கேட்பார். இவள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். என்ஜினில் பனி உறையாமல் சூடேற்றும் ஸ்விட்சைக் கேட்டிருக்கிறார். வெயில் ஊர்களிலேயே ஓட்டிப் பழகியவள், பார்க்காமலே 'ஆஃப்' என்றிருக்கிறாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் அதே பழக்கத்தில் தலையாட்டிவிட்டார். ஓடுபாதை முனையில்தான் இவளுக்கு உறைத்து, நிறுத்தச் சொன்னாள். திரும்பி வந்து பனியை எடுப்பதற்குள் இவர்களுடைய வேலை நேரம் முடிந்துவிட்டது; அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

"அங்கியே ஸ்விட்ச்ச போட்டுகினு வர்றது. இதுக்கொரு பேஜாரு."

"ஐஸ் பிடிச்சிகினா மீட்டரே பொய் சொல்லும்மா. ஃபுல் பவர் கீதுன்னு காட்டும். என்ஜின்ல அவ்ளோ இருக்காது. அத்த நம்பி தூக்கினா எல்லாரும் காலி."

ஆலிஸ் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் சத்தமாகத் திட்டினாள். பார்க்காமல் பதில் சொல்கிற அளவுக்கு அப்படியென்ன திமிர்? ஃபாதருக்கு யார் பதில் சொல்வது? கேக்கை யார் தின்பது? அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, கரோலின் தினமும் கேட்பதைக் கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டேன், போட்டேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை அட்டை பட்டது. போன வாரம் டெரிக் வாங்கி வைத்தது. ஒன்றுகூடப் பிரிக்காமல் முழுசாகக் கிடந்தது. தினமும்தான் அவள் கேட்டாள். தினமும்தான் இவள் சொன்னாள்.

"சரிம்மா, வெச்சிடறேன்."

"போடலடி," என்றாள் ஆலிஸ். குரல் இறங்கிவிட்டது. "வாய் தானா சொல்லிடுச்சி. வெச்சிடாத, இரு. தண்ணி எட்த்தாறேன்."