பென்சில்வேனியாவில் விழுந்த வான்கோழி

வாமதேவன் அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டையாடிய கதையை தெற்கு லண்டனில், மிச்சம் பகுதியில், கேளாத தமிழர் யாராவது இருந்தால், அவர் 2006 மே மாதம் முழுக்க லண்டனிலேயே இல்லாதவராகத்தான் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் மைத்துனர் வீட்டில் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்த மனிதர், பெட்டியைத் திறக்குமுன்பே வாயைத் திறந்துவிட்டார். சுடுகிற துவக்கு இல்லை. சக்கரமும் கம்பியும் பூட்டிய இந்தக் காலத்து வில்லும் இல்லை. ஒரே மரத்தில் செதுக்கிய வில், மர அம்பு, அதன் வாலில் மூன்று இறகு. புல்லெல்லாம் பனி. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தாராம். பிறகு ஒரே அம்பு.

“பதினெட்டு இறாத்தல் நிறை” என்றார் முதல் நாள்.

சுசிலா தேத்தண்ணியை ஆற்றியபடி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். நடந்தது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். புருஷன் விமானத்தில் இருக்கும்போதே பென்சில்வேனியாத் தம்பி பத்மநாதன் அவளுக்குப் போன் எடுத்துவிட்டான்.

“அக்கா, அத்தான் வந்து என்னத்தைச் சொன்னாலும் சிரிச்சுப் போடாதேங்கோ” என்று தொடங்கியவன், தானே சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தான்.

பத்மநாதனின் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பழைய வேட்டைக்காரர். சேவலை இழுப்பதற்காக ஒரு பிளாஸ்டிக் பெட்டைக்கோழியைப் புல்லில் நட்டுவிட்டு, கையடக்கமான மரப்பெட்டி ஒன்றைத் தேய்த்துப் பெட்டையின் குரலை எழுப்பினார். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் உண்மையாகவே ஒரு சேவல் வந்தது. வாலை விசிறியாக விரித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தது. வாமதேவன் நாணை இழுத்தார், விட்டார். அம்பு நேரே போய்ப் பிளாஸ்டிக் கோழியின் நெஞ்சில் ஏறியது. சேவல் எழும்பிப் பறந்துவிட்டது.

“குறி தப்பேல்லை அக்கா” என்றான் பத்மநாதன். “கோழிதான் பிழை.”

சுசிலா அதை அன்றைக்கே போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. ஜெர்மனியில் பத்து வருடம், இங்கே ஐந்து வருடம் என்று அடுத்தவர் வீட்டுத் தண்ணிக் குழாய்களுக்குக் கீழே படுத்தே காலத்தைக் கழித்த மனிதர். இப்படிக் கண்கள் விரியக் கதை சொல்லி அவள் கண்டதில்லை. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவள் தனக்குள்ளே மட்டும் ஒத்துக்கொண்டாள். இந்த மனிசன் எதுவரைக்கும் போகிறார் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஆகவே கதைக்கு அவளும் கை கொடுத்தாள்.

தோர்ண்டன் ஹீத்தில் சிநேகிதர் கிருஷ்ணமூர்த்தியின் மகளுக்குப் பிறந்தநாள். மண்டபத்தில் ஆம்பிளைகள் வட்டமாக இருக்க, வாமதேவன் கதையில் அம்பை விட்டு, கோழியை விழுத்திவிட்டுக் கோக் கிளாசைக் கையில் எடுத்தார்.

“என்னப்பா, விழுந்த கோழி திரும்ப எழும்பி ஓடினதை விட்டிட்டீங்கள்?” என்றாள் சுசிலா.

அப்படி ஒன்றை அவர் சொன்னதே கிடையாது. ஒரு விநாடி அவளைப் பார்த்தார். 

“ஓமோம், ஓடினது! நாப்பது யார் தூரம் துரத்தினனான். பற்றை முள்ளெல்லாம் காலைக் கிழிச்சுப் போட்டுது.”

அன்றைக்குக் கோழி இருபத்துமூன்று இறாத்தல்.

“இறைச்சி எப்பிடி?” என்று லலிதா கேட்டாள். அவள் சுசிலாவோடு உடுப்புத் தோய்க்கிற கடையில் வேலை செய்கிறவள்.

“கறியை இவர்தானே வைச்சவர்” என்றாள் சுசிலா.

வீட்டில் ஒரு முட்டையைக்கூட அவித்தறியாத வாமதேவன், வெங்காயம் வதக்கியதிலிருந்து தொடங்கினார். “மிளகுதான் கொஞ்சம் கூடிப்போச்சு” என்று தன்னடக்கமாக முடித்தார். சுசிலா பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

வெளியே வந்தபோது நிலைமை மாறியிருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் வாமதேவனின் கையைப் பிடித்தபடி நின்றார். பெயர் ரவிச்சந்திரன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, காப்புறுதிக் கம்பனியில் வேலையாகி இங்கேயே தங்கிவிட்டவர்.

“அண்ணே, நெசமாவா? மர வில்லா? நான் ஏழு வருஷமா வில் பழகுறேன், ரப்பர் மானைத் தவிர ஒண்ணையும் தொட்டதில்ல. இந்த நாட்டுல வில்லால வேட்டையாடச் சட்டமே விடாது. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கிளப்புக்கு வாங்க. எல்லாரும் உங்களப் பாக்கணும்.”

“ஞாயிற்றுக்கிழமையோ... எனக்குத் தோள்மூட்டு...”

“தோளை நான் பாத்துக்கொள்ளுறன்” என்றாள் சுசிலா.

பார்த்துக்கொண்டாள். திங்கள் தொடக்கம் சனி வரை பின்னேரம் பின்னேரமாக எரிகிற தைலத்தைப் போட்டுத் தேய்த்தாள். வெள்ளிக்கிழமையே தோள் சுகம் என்று வாமதேவன் கெஞ்சினார். அவள் சனிக்கிழமையும் தேய்த்தாள்.

குரோய்டனைத் தாண்டி ஒரு சின்னக் காடு. பச்சைத் தொப்பி போட்ட கிழவர்களும், கையில் தோற்பட்டி கட்டிய பெண்களுமாக இருபது பேர் நின்றார்கள். ரவிச்சந்திரன் ஒவ்வொருவரிடமும் வாமதேவனைக் கொண்டுபோய் அறிமுகப்படுத்தினார். கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மரங்களுக்கிடையில் ரப்பர் பன்றி, ரப்பர் மான், பின்னங்காலில் நிமிர்ந்த கரடி. மற்றவர்கள் ஒவ்வோர் இடமாக நின்று அவற்றை நோக்கி எய்துகொண்டு போனார்கள். ஏழாவது இடத்துக்கு வந்ததும் ரவிச்சந்திரன் கையை நீட்டிக் காட்டினார்.

“இது உங்களுக்காகவே போட்டது அண்ணே.”

பதினைந்து யார் தூரத்தில், வாலை விரித்தபடி ஒரு வான்கோழி.

இருபது பேரும் நெருங்கி வந்து நின்றார்கள். வாமதேவனின் கையில் இரவல் வில். அம்பை நாணில் பொருத்தவே மூன்று தரம் எடுத்தது. சுசிலா பின்னால் போய், சேர்ட்டின் கழுத்தைச் சரிபண்ணுகிற சாட்டில் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“பயப்பிடாதேங்கோ. இதுகும் பிளாஸ்டிக்தான். உங்களுக்குப் பழக்கம்தானே.”

வாமதேவனின் காதுகள் மெல்லமெல்லச் சிவந்தன.

“பத்மநாதனோ?”

“ஓம்.”

“எப்ப?”

“நீங்கள் ஹீத்ரோவில இறங்க முன்னம்.”

“அப்ப ஏன் கறியைப் பற்றிக் கதை எடுத்தனீர்?”

“வாழ்க்கையில ஒருக்காலெண்டாலும் நீங்கள் சமைக்கிறதைக் கேக்க வேணுமெண்டு ஆசை.”

அவர் கோழியின் பக்கம் திரும்பி நாணை இழுத்தார். தோள் குலுங்கியது. முதலில் சுசிலா பயந்துபோனாள், அழுகிறாராக்கும் என்று. அழவில்லை. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, வில் நடுங்கி, இழுத்த நாண் அவரைக் கேளாமலே விட்டுப் போனது. அம்பு கோழியின் நெஞ்சில் ‘டொக்’கென்று ஏறி நின்றது.

கைதட்டல் காட்டை உலுப்பியது. ரவிச்சந்திரன் துள்ளிக் குதித்தார். வாமதேவன் கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார்.

“ரவி, ஒண்டை இவைக்கு இங்கிலீசில சொல்லும். நான் அமெரிக்காவில அடிச்சதும் இதே சாமான்தான். பொய்க்கோழி. உயிருள்ளது பறந்திட்டுது.”

ரவிச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். வயது எண்பதிருக்கக்கூடிய ஒரு கிழவர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். தான் ஒருமுறை சொந்தச் சாப்பாட்டுப் பையையே எய்து, சான்ட்விச்சைத் துளைத்ததைச் சொன்னார். அதன் பிறகு ஆளுக்காள் தங்கள் தங்கள் மானக்கேட்டை அவிழ்க்கத் தொடங்க, எட்டாவது இடத்துக்குப் போக அரை மணி நேரமாயிற்று.

“அக்கா, நீங்களும் ஒண்ணு விட்டுப் பாருங்க” என்று ரவிச்சந்திரன் பாரம் குறைந்த ஒரு வில்லை நீட்டினார்.

சுசிலா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இழுத்தாள். அம்பு ரப்பர் நரிக்கு மேலாக, வெகு மேலாகப் போய், தொட்டால் சொறிகிற காஞ்சோண்டிப் பற்றைக்குள் மறைந்தது.

அது ரவிச்சந்திரன் கையால் செய்த அம்பு. விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட, புருஷனும் பெண்சாதியும் குனிந்து குனிந்து தேடினார்கள். இருவர் கையும் காஞ்சோண்டி பட்டுத் தடித்துப்போயிற்று.

“எவ்வளவு தூரம் போச்சுதெண்டு நினைக்கிறீர்?” என்றார் வாமதேவன், ஒரு தடியால் செடியை விலக்கிக்கொண்டு.

“நாப்பது யார் இருக்கும்” என்றாள் சுசிலா. “ஆக்கள் கேட்டா அறுபதெண்டே சொல்லுங்கோ.”