வாஞ்சூர் தாண்டினதும் இறுக்கணும்

பஞ்சநாதன் ஒரு சாண் தளர்வு விட்டுத்தான் முடிச்சுப் போட்டார். நாற்பது வருஷமாக அப்படித்தான் போடுகிறார். அலை தூக்கும்போது மீன்பிடிப் போட்டு எழும்ப இடம் வேண்டும். இடம் விடாமல் கட்டினால் கொக்கியே பிடுங்கிக்கொண்டு போகும். எல்லாம் சரிதான். ஆனால் இன்றைக்கு அவருடைய போட்டு நின்றது கடலில் இல்லை. கருக்களாச்சேரிச் சாலையில், அஸ்கரின் பிக்கப்புக்குப் பின்னால், இரண்டு சக்கர டிரெய்லரின் மேல் நின்றது.

பூங்கொடி போட்டின் விளிம்பைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். பதினெட்டடி ஃபைபர் போட்டு தொட்டில் மாதிரி ஆடியது.

“அப்பா, ஆடுது.”

“ஆடணும். ஆடாத போட்டு ஒடையும்.”

“கடல்ல ஆடட்டும். ரோட்டுல வண்டியும் போட்டும் ஒண்ணாத்தான் ஆடணும். தனித்தனியா ஆடுச்சுன்னா வளைவுல இது ஒரு பக்கம் போவும், அது ஒரு பக்கம் போவும்.”

“கயிறு கட்டத்தான் மூணு வருஷம் காலேஜுக்குப் போனியா?”

“பிசிக்ஸ் படிக்கப் போனேன். கயிறும் அதுலதான் வருது.”

டீ கிளாஸோடு நின்ற அஸ்கர் சிரித்துவிட்டான். “மாமா, எங்கிட்ட ரெண்டு பெல்ட்டு இருக்கு. அதைப் போட்டா வேலை முடிஞ்சுது.”

“பின்னாடி போட்டுக்க. முன்னாடி என் கயிறுதான். என் போட்டு.”

போட்டு ஜெகதாப்பட்டினத்துக்குப் போகிறது. அங்கே பூங்கொடியின் அண்ணன் சிவபாலன் இருக்கிறான். சர்க்கரை நோயில் அப்பாவின் கால் பெருவிரலை எடுத்த பிறகு, உப்புத் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் முன்பு இதே மனிதர்தான் மகனைப் பார்த்து, “என் போட்டுல கால வைக்காத” என்றார். அவன் ஜெகதாப்பட்டினத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்கு அந்தத் தண்டனை. இப்போது ஆள் விட்டு, போட்டு வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ‘அனுப்பட்டும்’ என்று ஒரே சொல்தான் பதிலாக வந்தது.

“போட்டு போவும். நான் போவ மாட்டேன்” என்றார் பஞ்சநாதன்.

அப்பா பேசியது மட்டும் என்றால் பூங்கொடி அவரோடு சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். அன்றைக்கு அவளும் பேசியிருந்தாள். “நீயாவது சொல்லேன்டி, உன்னப் படிக்க வச்சவன் நான்” என்று அண்ணன் கெஞ்சினான். பத்தாவதோடு நின்று கடலுக்குப் போய் அவளைப் படிக்க வைத்தவன்தான். அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. “சொல்லிக் காட்டத்தான் படிக்க வச்சியா? இனிமே எனக்குப் போன் பண்ணாத” என்றாள். அவள் சொன்ன எத்தனையோ பேச்சைக் கேட்காதவன், இதை மட்டும் கேட்டுவிட்டான்.

முன்பெல்லாம் அவன் கடலிலிருந்து திரும்பும்போது டவர் கிடைத்ததும் போனில் ரெண்டு மணி அடித்துக் கட் செய்வான். சோறு வை என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு போகும். காசு போகாத காலம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் போனில் அவன் பெயரே ‘அண்ணன் எடுக்காதே’ என்றுதான் இருந்தது. அம்மா போன வீட்டில் அந்த ரெண்டு மணிக்குத்தான் அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தோன்றின நேரத்துக்கு வைக்கிறாள்.

இன்றைக்கு லீவு போட்டுப் பையும் கட்டி வைத்திருந்தாள். அண்ணிக்கு ஒரு சுடிதார் துணி, அண்ணனுக்கு நெத்திலிக் கருவாடு, தனக்கு ஒரு மாற்றுத்துணி. பிக்கப்பில் டிரைவர் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம். ரெண்டு பேர் உட்கார்ந்தால் கியர் போட முடியாது என்று அஸ்கர் முதலிலேயே சொல்லிவிட்டான்.

அவள் வேலையைத் தொடர்ந்தாள். இன்ஜினைக் கழற்றி பிக்கப்பில் ஏற்றியாயிற்று. பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வால் ஆட்டும் என்று நங்கூரத்தையும் வலையையும் போட்டின் முன்பக்கம் தள்ளிக் கட்டினாள். போட்டின் மூக்கை டிரெய்லரின் முன்கட்டையில் முட்டக் கொடுத்தாள். கயிறு உரசும் விளிம்பில் பழைய டியூப் துண்டை மடித்து வைத்தாள். டிரெய்லர் கழன்றாலும் தரையில் குத்தாமல் இருக்க, இரண்டு சங்கிலிகளையும் இணைப்புக் கொக்கிக்கு அடியில் குறுக்கே போட்டாள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் தன் சிவப்புத் துப்பட்டாவைக் கட்டினாள்.

காஜா நஜ்முதீன் பிளைவுட் கிடங்கில் பில் போடுகிறவள் அவள். லோடு சரிந்த லாரிக்கு யார் பதில் சொல்வது என்று அவளுக்குத் தெரியும்.

மறுபடி ஆட்டிக் காட்டினாள். பஞ்சநாதன் முடிச்சை அவிழ்த்து, டிரெய்லர் சட்டத்தில் நல்ல காலை உதைத்து இழுத்து, ஒரு விரல்கூட நுழையாதபடி கட்டினார். போட்டு அசையவில்லை. வண்டிதான் அசைந்தது.

“போதுமா?”

“இப்பப் போதும். நைலான் கயிறு, ஓட ஓட நீளும். வாஞ்சூர் தாண்டினதும் ஒரு தடவை இறுக்கணும். அப்புறம் நிறுத்துற எடத்துல எல்லாம் பாக்கணும்.”

“நீதான போற. இறுக்கு. எங்க, அவுத்துக் கட்டு, பாப்பம்.”

பூங்கொடி அவிழ்த்தாள். வளையத்தில் கோத்து இழுத்தாள். கிடங்கில் டிரைவர்கள் கட்டிய கட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டுகிற கை அது. அந்தக் கையில் கயிறு முறுக்கேறி நின்றபோது, அங்கே அண்ணன் வாசலில் நிற்பது அவள் மனக்கண்ணில் தெரிந்தது. வண்டியிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று அவன் கழுத்தை நீட்டிப் பார்ப்பது தெரிந்தது. தங்கச்சியை அவன் தேடுவான். ஆனால் கால் வைக்காதே என்று சொன்னது தங்கச்சி இல்லையே.

கையை விட்டாள். கயிறு ஒரு சாண் பின்னால் ஓடியது.

“த்தூ. இதுக்கு ஒரு டிகிரி.”

வேறொரு நாளாயிருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை வாங்கியிருப்பார். இன்றைக்கு அவள் விழுங்கினாள். “எனக்கு வலு பத்தலப்பா. அஸ்கர் பாய் இறுக்கிடுவாரு.”

“ஆள வுடு தாயி” என்றான் அஸ்கர். “வண்டிக்கு நான் பொறுப்பு, கயித்துக்கு இல்ல. வாஞ்சூர்ல சாராயக் கடையோரமா நிறுத்துறேன். எவனாச்சும் ரெண்டு கிளாஸ் போட்டவன் வந்து கட்டிக் குடுத்தா உண்டு.”

“குடிகாரன் கையில என் போட்டா?”

கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டிவிட்டு, பஞ்சநாதன் கட்டுப்போட்ட காலை மெல்லத் தூக்கி முன்சீட்டில் ஏறினார். “கயித்துக்குத்தான் போறேன். அங்க வண்டிய விட்டு எறங்க மாட்டேன்.”

“எறங்காதீங்க. யாரு எறங்கச் சொன்னா?” பையை அவர் மடியில் வைத்தாள். “ஒவ்வொரு தடவை இறுக்குனதும் ரெண்டு மணி அடிச்சுக் கட் பண்ணுங்க.”

வண்டி நகர்ந்தது. சிவப்புத் துப்பட்டா வளைவு வரைக்கும் தெரிந்தது. தன் மாற்றுத்துணி அந்தப் பையிலேயே போய்விட்டது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

முக்கால் மணி நேரத்தில் அப்பாவின் ரெண்டு மணி வந்தது. வாஞ்சூர். பிறகு வேளாங்கண்ணி. பத்தரைக்கு மேல் முத்துப்பேட்டை. பிறகு வரவேயில்லை. பகல் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. கயிறு அறுந்ததா, அப்பா வாய் விட்டாரா, இறங்காமல் அப்படியே திரும்பினாரா? அடுப்பு மூட்டாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அப்பா இல்லை.

‘அண்ணன் எடுக்காதே.’

ஒரு மணி. அவள் எழுந்து நின்றாள். ரெண்டு மணி. இப்போது கட் ஆகும், சோறு வைக்க வேண்டும்.

மூன்றாவது மணியும் அடித்தது.