ஓய்வாக இருக்கும் கை

வைகாசி கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை, ஸ்வர்ணலதாவின் போனுக்கு வழக்கம்போல் படம் வந்தது. ரத்த அழுத்தக் கருவியின் சின்னத் திரை. 116, 74. நல்ல எண்கள்.

ஆரணியில் தறியில் உட்காரும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தம்தான் அவளது ஆய்வு. போன மாதம் வீட்டுக்கு ஒரு கருவி கொடுத்திருந்தாள். தினமும் பார்த்துப் படம் அனுப்ப வேண்டும். ஒன்பதாம் மாதத்துத் தேவிப்ரியா வீட்டிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை. போன வாரம் அந்தப் பெண் தலைவலி என்று கூப்பிட்டபோது, ஸ்வர்ணலதா எண்களைப் பார்த்துவிட்டு, "பிரஷர் நல்லா இருக்கு தேவி. தூக்கம் பத்தலை" என்று சொன்னாள்.

கருவிக்குப் புது பேட்டரி போட அன்று நேரில் போனாள். தேவியின் கணவன் விக்னேஷ் தறியில் இருந்தான். பக்கத்துத் தறி நின்றிருந்தது.

"தேவி எங்கம்மா?"

"நேத்து வளைகாப்பு. முடிஞ்ச கையோட படவேட்டுக்குக் கூட்டிகினு பூட்டாங்க, அவங்கம்மா வூட்டுக்கு," என்றாள் மாமியார் ஜெயம். "அஞ்சு வகை சோறு. உனக்குக் குடுத்து வைக்கல."

ஸ்வர்ணலதா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கருவி அலமாரி மேல் இருந்தது.

"இன்னைக்குக் காலையில படம் வந்துச்சே. யார் கையில பாத்தீங்க?"

"என் கையிலதான். எப்பவும் என் கைதானே."

"எப்பவுமா?"

"நீதானம்மா சொன்ன, வேலை செஞ்ச கையோட பாக்கக்கூடாது, சும்மா உக்காந்து ஓய்வா பாக்கணும்னு. முதல்ல அவ கையிலதான் கட்டினோம். கன்னாபின்னான்னு ஏறிச்சி. முகூர்த்தச் சேலை தறியில நிக்குது, அவளுக்கு ஓய்வு ஏது? உனக்குப் பேஜாரு வேணாம்னு ஓய்வா இருக்கற கையில கட்டினேன். வீட்டுக்கு ஒண்ணுன்னுதானே குடுத்த?"

"எவ்வளவு ஏறிச்சி?"

"நூத்தி அறுபதோ என்னமோ."

ஸ்வர்ணலதா கையிலிருந்த பேட்டரியைக் கீழே வைத்தாள். "கால் வீங்கியிருந்துதா?"

"மாசமா இருந்தா வீங்காதா? நேத்து மெட்டியே ஏறல. தேங்காண்ண தடவி ஏத்தினோம்." ஜெயம் அவள் முகத்தைப் பார்த்தாள். "இன்னாம்மா? மெஷினு இருக்குன்னுதானே இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குக்கூட அனுப்பல."

வலிப்பு என்ற சொல் ஸ்வர்ணலதாவின் வாய்வரை வந்து நின்றது.

"விக்னேஷ், நூத்தியெட்டுக்குப் போடு. படவேட்டு வீட்டு அடையாளம் சொல்லு. ஜல்தி."

அவன் தறிக்குழியிலிருந்து தாவி ஏறினான். அவன் கால் தட்டி, ஊடுநூல் ஓட்டும் நாடா தரையில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

அவள் தேவியின் எண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஜெயம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எடுத்தது தேவியின் அம்மா விருத்தாம்பாள்.

"தேவி எப்படி இருக்கா?"

"படுத்துகினு இருக்கா மேடம். விடியகாலம் கண்ணு முன்னாடி பளிச்சு பளிச்சுன்னு மின்னுதுன்னா. நெஞ்சுக்குழியில வலின்னா. கஷாயம் வெச்சிக் குடுத்தேன்."

"எழுப்புங்க. வண்டி வருது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல். மறுபடியும் அதே பெயர், இன்னும் உரக்க. ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு போனில் மூச்சு வாங்கியது.

"மேடம், பல்லைக் கடிச்சிகினு இருக்கா, கையெல்லாம் இழுக்குது. பிரஷர் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"