மொக்கையன் கை நனைத்த இடம்

போடியில் அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் ஜாதகம் பார்ப்பார்கள். அடுத்து மொக்கையனை அனுப்புவார்கள். ஜாதகத்தில் தோஷம் இருந்தால் பரிகாரம் உண்டு. மொக்கையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பரிகாரம் கிடையாது.

அவர் விசாரிக்கும் முறை எளிமையானது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி திட்டுவார். குடிகாரன் என்பார், கை சுத்தமில்லாதவன் என்பார். கேட்பவர்களில் ஒருவருக்காவது கோபம் வந்தால் பையன் நல்லவன். யாராவது கூடச் சேர்ந்து திட்டினால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுவார். தேவாரத்தில் ஒரு டீக்கடைக்காரர், "ஒங்களுக்கு இன்னைக்குத்தான் தெரியுமாண்ணே?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தச் சம்பந்தம் அன்றோடு போயிற்று. சின்னமனூரில் ஒரு ஆள் டீயை முகத்தில் ஊற்றினார். அந்தக் கல்யாணத்தில் டீ ஊற்றியவருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து வயசுப் பையனைத் திட்டினால், பெண் வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு சர்க்கரை கொஞ்சம் கூடப் போடுவார்கள்.

இன்னொன்றிலும் மொக்கையன் கறார். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் கை நனைக்க மாட்டார். விக்கல் எடுத்தாலும் தண்ணீர் வாங்க மாட்டார். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

அவருடைய அக்கா மகள் மகாராணிக்கு வந்த வரன் அழகுராஜா. ஊர் மேலச்சொக்கநாதபுரம். வேலை பாங்காக்கில், ஹோட்டலில் என்று சொன்னார்கள். பாங்காக்குக்குப் பஸ் இல்லாததால் விசாரணை தள்ளிக்கொண்டே போயிற்று. அந்தச் சமயத்தில் ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து விற்கும் கம்பெனி ஒன்று, அதிகமாக மருந்து வாங்குகிற விவசாயிகளைப் பாங்காக் கூட்டிப்போவதாகச் சொன்னது. குரங்கணிக்கு மேலே மொக்கையனுக்குத் தோட்டம் இருந்தது. அந்த வருஷம் அதில் பூச்சி அதிகமில்லை. இருந்தாலும் அடித்தார்.

கிளம்பும் அன்று காலையில் மகாராணி வந்தாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிற வழி.

"மாமா, எனக்கு அவரப் புடிச்சிருக்கு. திட்டுறதக் கொஞ்சம் கம்மியாத் திட்டுங்க."

"கம்மியாத் திட்டுறதுன்னா எப்படி ஆத்தா? இதென்ன, ரசத்துக்கு உப்பா?"

"நீங்க வேணாம்னு சொன்னா நான் கேட்டுக்கிருவேன். எதுத்துப் பேச மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் எவனையும் விசாரிக்க நீங்க போக வேணாம். எனக்குக் கல்யாணமே வேணாம்."

அவள் அழவில்லை. நாலு ஏலக்காயை அவர் சட்டைப் பையில் போட்டு, பிளேனில் குமட்டினால் மென்றுகொள்ளச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

பாங்காக்கில் இரண்டாம் நாள் சாயங்காலம் மற்றவர்கள் எல்லாரும் ஆற்றில் படகுச் சாப்பாட்டுக்குப் போனார்கள். மொக்கையன், போடியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணனைக் கூட்டிக்கொண்டு அழகுராஜாவைத் தேடிப் போனார். முத்துக்கிருஷ்ணனின் போனில் தமிழில் பேசினால் அது தாய்லாந்து பாஷையில் சொல்லும். அவர்கள் பேசுவதைத் தமிழாக்கியும் சொல்லும்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு கடையும் ஒரு நாடாக இருந்தது. ஜப்பான், இத்தாலி, மெக்சிகோ, லெபனான் என்று வரிசையாகப் போயிற்று. ஜெர்மனிக்கு எதிரே ஒரு பல் டாக்டர் இருந்தார். கடைசியில் இருந்த கடைக்கு மட்டும் எந்த நாடும் இல்லை. எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும் என்று படம் போட்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஒரு மேடை, அதில் கிட்டார் வாசிக்கிற இரண்டு பேர், டிரம்ஸ் அடிக்கிற ஒருவர், பாடுகிற ஒரு பெண். எதிர்ச் சுவர் முழுக்கப் பாட்டில். பாட்டில்களுக்கு முன்னால் கறுப்புச் சட்டை போட்ட அழகுராஜா ஒரு செம்பைக் காதுக்கு நேரே தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஹோட்டலுன்னுதான சொன்னாங்க?" என்றார் முத்துக்கிருஷ்ணன். "இது குடிக்கிற பாருண்ணே. மாப்ள சரக்குல்ல கலக்குறாரு."

மொக்கையன் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பார், தகரக் கூரை போட்டது. அவித்த முட்டையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இருக்கும். சுவரோரம் ஒரு ஆள் கிடப்பார். இங்கே ஒரு குழந்தை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. சுவரோரம் யாரும் கிடக்கவில்லை. மொக்கையன் எட்டி எட்டித் தேடினார்.

"சரி, வந்த சோலியப் பாப்போம்," என்றார்.

பக்கத்தில் டீக்கடை இல்லை. பார் வாசலில் ஒரு பெண் தள்ளுவண்டி போட்டுக் குச்சியில் கறி சுட்டுக்கொண்டிருந்தாள். மொக்கையன் போனை வாயருகே வைத்து, உள்ளே இருப்பவனைக் காட்டி, குடிகாரன், கை சுத்தமில்லாதவன், பெண்களிடம் வாய் சுத்தமில்லாதவன், நம்பினால் கடையே போய்விடும் என்று வழக்கம்போலச் சொல்லி முடித்தார். போன் ஒரு வார்த்தையும் விடாமல், ஒன்றும் மாற்றாமல் அவள் பாஷையில் சொன்னது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கூடச் சேர்ந்து திட்டவும் இல்லை. குச்சிகளை அடுத்த வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய், பாரின் முதலாளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முதலாளியம்மா கண்ணாடி போட்ட, ஐம்பது வயதுப் பெண். இரண்டு பேரையும் கும்பிட்டு உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தாள். ஐஸ் மிதக்கும் டீ வந்தது. காவி நிறத்தில் இருந்தது. மொக்கையன் கிளாஸைத் தொடவில்லை. அவள் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு சிரித்த முகத்தோடு ஏதோ சொன்னாள்.

போன் தமிழில் சொன்னது: "நேரில் வந்து தெரிவித்ததற்கு மிக்க நன்றி. இவரை இன்றே வேலையிலிருந்து நீக்கிவிடுகிறேன்."

"என்னங்கடா இது," என்றார் முத்துக்கிருஷ்ணன்.

முதலாளியம்மா அழகுராஜாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் முதலில் சுருங்கியது. திரும்பி மொக்கையனைப் பார்த்தான். மருந்துக் கம்பெனி கொடுத்த மஞ்சள் தொப்பி, அதற்குக் கீழே தோளில் துண்டு, முன்னால் தொடாத டீ. அவன் முகம் மலர்ந்துவிட்டது. கையால் தலையைக் கோதிக்கொண்டு முதலாளியம்மாவிடம் அவசரமாக ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் மொக்கையன்.

முத்துக்கிருஷ்ணன் போனை நீட்டினார். "எனக்குத் திருமணம் நடக்கப்போகிறது," என்றது போன்.

முதலாளியம்மாவுக்கு அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விளங்கவில்லை. வேலை போகிற நேரத்தில் சிரிக்கிறவனைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்பது உறுதியாகிவிட்டது போலத் தலையாட்டினாள். கடை கொடுத்த கறுப்புச் சட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் மேல் பட்டனில் கை வைத்தான். சிரிப்பு போய்விட்டது. மொக்கையனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. விசாரிக்க வந்தவரிடம் மாப்பிள்ளை தானாகப் பேசக் கூடாது என்பது மேலச்சொக்கநாதபுரத்திலும் வழக்கம்தான்.

மொக்கையன் சுற்றிப் பார்த்தார். யாருக்காவது கோபம் வருகிறதா? கறி சுடுகிறவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பாடகி பாடிக்கொண்டிருந்தாள். குழந்தை ஐஸ்கிரீமை முடித்திருந்தது. அவர் கணக்குப்படி இந்தப் பையன் தேறவில்லை. எழுந்து போய்விடலாம். போடியில் போய், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகாராணி எதிர்த்துப் பேச மாட்டாள். அதற்குப் பிறகு எதுவுமே பேச மாட்டாள்.

இரண்டாவது பட்டன் கழன்றது.

"ஏம்மா!" என்று மொக்கையன் எழுந்தார். மேசை ஆடி, டீ சிந்தியது. "ரோட்டுல போற எவனோ ஒருத்தன் சொன்னா நம்பிருவியா? நான் யாருன்னு ஒனக்குத் தெரியுமா? அக்கம்பக்கம் நாலு பேருகிட்ட விசாரிச்சியா? ஒன் கடையிலதான நிக்கிறான், அவன் வாய மோந்து பாத்தியா? இம்புட்டுப் பேரு இருக்கீக, அந்தப் பயலுக்காக ஒருத்தருக்காச்சும் கோவம் வருதா? நீங்கள்லாம் என்ன மனுசங்க!"

டிரம்ஸ் நின்றது. கிட்டார் நின்றது. அவர் கத்தியதையெல்லாம் போன் ஒரு பெண்ணின் சாந்தமான குரலில், பணிவாக எடுத்துச் சொன்னது.

"அண்ணே," என்றார் முத்துக்கிருஷ்ணன் மெதுவாக. "கோவம் வந்துருச்சு."

"யாருக்கு?"

"ஒங்களுக்கு."

மொக்கையன் அதை யோசித்ததில்லை. விசாரிக்கிறவனுக்குக் கோபம் வந்தால் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

"அப்படியானால் நீங்கள் முன்பு சொன்னது?" என்று முதலாளியம்மா போன் வழியாகக் கேட்டாள்.

"பூராம் பொய்."

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

"பொண்ணு குடுக்க."

முதலாளியம்மா போனை வாங்கி, மறுபடியும் கேட்டாள். அழகுராஜா அவளுக்கு விளக்கினான். விளக்கம் நீண்டது. முடிந்தபோது கறி சுடுகிறவள் முதல் தடவையாக மொக்கையனைப் பார்த்து முறைத்தாள். அவருக்குத் திருப்தியாக இருந்தது. முதலாளியம்மா அழகுராஜாவிடம் பட்டனைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

மொக்கையன் உட்கார்ந்து, துண்டால் மேசையைத் துடைத்தார்.

"திங்க என்னப்பு இருக்கு?" என்று அழகுராஜாவிடம் கேட்டார்.

அவன் சமையலறைக்கு ஓடினான். போகிற வழியில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டான். அவனே கொண்டுவந்து வைத்தான், லெபனான் பக்கத்துச் சாப்பாடு என்று. தட்டையான ரொட்டி, நடுவில் வெளுத்த சட்னி, அதன்மேல் எண்ணெய். ஸ்பூனும் வைத்தான். மொக்கையன் ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, ரொட்டியைப் பிய்த்து, கை நனைத்தார். அழகுராஜா போய்ச் செம்பை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தான். பாட்டு மறுபடி தொடங்கியது.

வெளியே வந்து முத்துக்கிருஷ்ணனின் போனில் மகாராணியைக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். எப்போதும் கேட்பதுதான்.

"சாப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஏலக்காய் சலிக்கிற சத்தம் நின்றது.

"எங்க?"

"அந்தப் பய வேல பாக்குற எடத்துலதான். அது ஹோட்டல் இல்ல ஆத்தா, சரக்கு விக்கிற பாரு. ஒங்கப்பன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "என்ன சாப்பிட்டீங்க?" என்றாள்.

"கொண்டக்கடலச் சட்னி," என்றார் மொக்கையன். "உப்பு கம்மி."