பொம்மையிடம் பேசாதவள்

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம். நான் எதுல ஃபெயிலு?"

தேர்வாளர் தன் தாளைத் திருப்பிக் காட்டினார். பன்னிரண்டு கட்டங்கள். பதினொன்றில் சரி விழுந்திருந்தது. ஏழாவதில் மட்டும் பெரிதாக ஒரு முட்டை. 'திருப்பிப் படுக்கவைக்கும் முன் நோயாளியிடம் பேசினாரா?' என்று அச்சடித்திருந்தது.

வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவே வைத்த பெயர் அது. பால்காரரிலிருந்து பேருந்து நடத்துநர் வரை ஒருவரையும் விட்டுவைக்காத வாய். அந்த வாயைப் போய்ப் பேசவில்லை என்று எழுதினால் எப்படி இருக்கும்?

"அது பிளாஸ்டிக் பொம்மை மேடம். அதுகிட்ட நான் என்னத்தப் பேச?"

"பொம்மைன்னு நினைக்கக்கூடாதும்மா. நோயாளின்னு நினைக்கணும்."

அந்தச் சமுதாயக் கல்லூரியின் வாசல் பலகையில் பதினெட்டுப் படிப்புகளை எழுதி வைத்திருந்தார்கள். தையல், வெல்டிங், குளிர்சாதனப் பழுது, கேக் அலங்காரம், கணினிக் கணக்கு. ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் அத்தனையையும் தள்ளிவிட்டு 'முதியோர் பராமரிப்பு' என்ற வரியில்தான் விரலை வைத்தாள். ஆறு மாதம், வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்து படித்தாள். சான்றிதழ் கையில் இருந்தால் வார்டு உதவியாளர் வேலை, துடைப்பத்துக்கு ஒரு பெரிய கும்பிடு. திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள். அடுத்து எப்போது எடுப்பார்கள் என்பது எடுக்கிறவர்களுக்கே தெரியாது. பன்னிரண்டு கட்டமும் நிரம்பினால்தான் சான்றிதழ். பதினொன்றுக்கு ஒன்றும் கிடையாது.

"ஒம்பது வருஷம் மேடம்! ஒம்பது வருஷம் என் மாமியாரைப் படுக்கையில வச்சுப் பார்த்திருக்கேன். முதுகுல ஒரு புண்ணு வரல. டாக்டரே அசந்து போனாரு. இங்க ஒவ்வொண்ணும் பொம்மையத் தரதரன்னு இழுத்துப் போட்டுட்டு, 'திரும்புங்கம்மா, என் கண்ணுல்ல'ன்னு கொஞ்சுதுங்க. அதுங்க பாஸு, நான் ஃபெயிலா? நல்லா இருக்கே நியாயம்!"

"அப்போ உங்க மாமியார்கிட்ட எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே இங்கயும் பேசியிருக்கலாமே?"

வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேசியிருந்தால்தானே! கல்யாணமான மூன்றாம் மாதம், விட்ட படிப்பைத் தொடரலாம் என்று ஒரு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். கூடம் நிறைய விருந்தாளிகள். அத்தனை பேர் முன்னால், "படிச்சுக் கிழிச்சது போதும், போய்ப் பாத்திரத்தைத் தேய்" என்றார் மாமியார். அன்றோடு பேச்சு நின்றது. அவர் இறங்கி வரட்டும் என்று இவளும், சின்னவள்தானே வரவேண்டும் என்று அவரும். இரண்டும் வீம்பு பிடித்த கட்டைகள். பிறகு ஒருநாள் மாமியாருக்குக் கைகால் விழுந்தது. நாக்கு நன்றாகத்தான் இருந்தது. மகனோடு பேசியது, எப்போதாவது வந்துபோகிற மகள்களோடு பேசியது. மருமகள் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டாள். தோளில் இரண்டு தட்டு என்றால் வலப்பக்கம், ஒரு தட்டு என்றால் இடப்பக்கம். ஒன்பது வருஷமும் அவர்களுக்குள் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதெல்லாம் தேர்வாளருக்கு எங்கே தெரியும்? அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, போகட்டும். இன்னொரு தடவை செய்யுங்க. ஏதாவது பேசுங்க, போதும்."

வாயாடி கட்டிலருகே போனாள். பொம்மை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பழக்கதோஷம், கை தானாகப் போய் அதன் தோளை இரண்டு தட்டுத் தட்டியது.

"பேசணும்மா," என்றார் தேர்வாளர்.

"அத்தை. வலப்பக்கம் திருப்பப் போறேன்."

அடித்தொண்டையிலிருந்து வெடித்து வந்தது குரல். வந்தது நிற்கவில்லை.

"திருப்பட்டுமான்னு கேக்க மாட்டேன். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அப்படி என்ன கேட்டுட்டேன்? நகையா கேட்டேன், நட்டா கேட்டேன்? படிக்கிறேன்னுதானே கேட்டேன்!" கைகள் பாட்டுக்கு வேலை செய்தன. இடது முழங்காலை மடக்கின. ஒரு கை தோளையும் ஒரு கை இடுப்பையும் தாங்கித் தன் பக்கமாக மெல்லப் புரட்டின. "உங்க பொண்ணுங்க மூக்கைப் பொத்திட்டு வாசல்ல நிப்பாங்க. அவங்ககிட்ட வாய் நிறையப் பேச்சு. கழுவித் துடைச்சவ நான்! 'வலிக்குதுடி'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா என்கிட்ட? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்களே! வலிக்குதான்னு நானும் கேக்கல. கேட்டிருக்கணும். பாவி நான், கேட்டிருக்கணும். ஆனா பெரியவங்க நீங்கதானே? நீங்கல்ல முதல்ல வாயைத் திறந்திருக்கணும்?"

பக்கத்துக் கட்டில்களில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். தேர்வாளர் அவசரமாக ஏழாவது கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்திட்டார்.

"போதும்மா, போதும். போட்டாச்சு. நீங்க பாஸ்." தாளை நீட்டினார்.

வாயாடி தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொம்மையின் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள். காது மடங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"அங்கயே வைங்க மேடம்," என்றாள். "நான் இன்னும் இவங்ககிட்டப் பேசி முடிக்கல."