மரையில் செம்புப் பசை

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எரிந்துபோன மோட்டாரைக் குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுத்துக்கொண்டிருந்தோம். பதினெட்டாவது குழாயின் முனையில், அடுத்த குழாயோடு திருகி மாட்டும் மரையைத் துணியால் துடைத்தேன். மரையே துணியோடு உதிர்ந்து வந்துவிட்டது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்த குழாய்களின் மரையெல்லாம் புதுசாக இருக்க, உப்புத் தண்ணீரில் முங்கிக் கிடந்தவை மட்டும் இற்றுப் போயிருந்தன. இறக்கி மூன்றே வருஷம்தான். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் குழாய் அறுந்து மோட்டார் எண்ணூறு அடிப் போருக்குள் விழுந்திருக்கும். அதோடு தோட்டத்துக்காரர் பூவாத்தாளம்மாவின் நூறு தென்னையும் முடிந்தது.

நான் இளவேனில். போரில் மோட்டார் இறக்கி ஏற்றும் வண்டி வைத்திருக்கிறேன். சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் வரைக்கும் கூப்பிட்டால் போவேன். மோட்டார் விழுந்தால் குழாயை யாரும் திட்டமாட்டார்கள், கடைசியாக இறக்கியவரைத்தான் ஊரே ஏசும். இறக்கியது பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம்.

மரை பூராவும் தாமிர நிறத்தில் பசை. யார் பூசியது என்று கேட்டேன். பூவாத்தாளம்மாவின் மருமகன் கிருபாசங்கர் பெருமையாக ஒரு டப்பாவை நீட்டினார். அவர் கோயமுத்தூரில் பட்டறை சூப்பர்வைசர். சூட்டில் போல்ட்டுகள் இறுகிப் பிடிக்காமல் இருக்க அங்கே பூசுகிற செம்புப் பசை, வெளிநாட்டுச் சரக்கு. மட்டமான குழாய் என்பதால்தான் அரித்துவிட்டது, இந்த முறை இரண்டு பூச்சாகப் பூசிவிடலாம் என்றார்.

பட்டறையில் அது நல்ல சரக்குதான். ஆனால் இந்தக் குழாயின் மேல்பூச்சு துத்தநாகம். அதை ஒட்டிச் செம்பை வைத்து உப்புத் தண்ணீரில் போட்டால் செம்புக்கு ஒன்றும் ஆகாது, துத்தநாகம்தான் கரையும். பிறகு இரும்பும் கரையும். இதைப் பொறுமையாகத்தான் சொன்னேன். நான் எதுவரை படித்திருக்கிறேன் என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

டீ குடித்துவிட்டு வருவதற்குள் புதுக் குழாய்களில் அவரே பசையைப் பூசிவிட்டார். என் வண்டியில் விஞ்ச் பிடிக்கும் சிக்கந்தர், வீட்டு மாப்பிள்ளை சொல்கிறாரே என்று புது மோட்டாரை மாட்டி நான்கு குழாய் இறக்கியிருந்தார். நிறுத்தச் சொன்னேன். வேறு வண்டியைக் கூப்பிடுவேன் என்றார் கிருபாசங்கர். தாராளமாகக் கூப்பிடலாம், அது வரும்வரை தொங்குகிற மோட்டாரை அவரே பிடித்துக்கொள்வாரா என்று கேட்டேன்.

வேலை முடிந்ததும் போர் வாயில் நிற்கும் கேசிங் குழாயில், இறக்கியவர் பேரையும் செல் நம்பரையும் பெயிண்டில் எழுதுவது எங்கள் வழக்கம். பிரஷைச் சிவப்புப் பெயிண்டில் முக்கி அவரிடம் நீட்டினேன்.

"ஏனுங்க, இதுல உங்க பேரையும் நம்பரையும் எழுதிப்போடுங்க. அப்பறம் நீங்க சொல்ற பசையவே பூசி நானே இறக்கறனுங்க."

அவர் வாங்கவில்லை. சட்டையில் பெயிண்டு படும் என்றார். இத்தனை நேரம் மருமகன் முகத்துக்காக வாய் திறக்காமல் இருந்த பூவாத்தாளம்மா எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளைக்கு எழுத முடியலீன்னா உடுங்க அம்மணி. அந்த நாலையும் மேல எடுத்துப்போடுங்க."

எடுத்தோம். டீசல் விட்டுப் பசையைக் கழுவினோம். தண்ணீர் கசியாமல் இருக்க மரையில் சணல் சுற்றி, வெள்ளைப் பெயிண்டு தடவி, ஒவ்வொரு குழாயாக நானே முறுக்கி இறக்கினேன். கடைசியில் கேசிங்கில் என் பேரை எழுதினேன், ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கிற அளவுக்குப் பெரிதாக. மோட்டார் விழுந்தால் என்னைத்தான் திட்டவேண்டும். திட்டட்டும்.