தொண்டூரில் விட்ட வெற்றிடம்

கணினித் திரையிலிருந்த வரைபடத்தில் தொண்டூரைச் சுற்றி ஓர் ஏரியே தளும்பிக்கொண்டிருந்தது. பங்குனி வெயிலில் செஞ்சி மலைப் பாறையெல்லாம் கொதிக்கிறது, அங்கே மட்டும் ஏது இவ்வளவு தண்ணீர் என்று அறிவுமதி திகைத்தாள்.

நிலத்தடி நீர்த் திட்டமொன்றில் அவளுக்கு வேலை. ஊருக்கொருவர் கிணற்றில் அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று போனில் அனுப்புவார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் அந்தக் கிணறுகளை வைத்து, இடைப்பட்ட நிலத்தையும் கட்டம் கட்டமாகக் கணித்து அவள் வரைபடம் போடுவாள்.

தேடியதும் பிடிபட்டது. தொண்டூரிலிருந்து இந்த மாதம் அளவே வரவில்லை. காலியாக இருந்த இடத்தை மென்பொருள் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. பூஜ்ஜியம் என்றால் தரைமட்டம் வரை தண்ணீர். அந்த ஒரு பொய் அக்கம்பக்கத்துக் கட்டங்களையெல்லாம் நீலமாக்கியிருந்தது.

அங்கே அளப்பவள் மகாலட்சுமி. ஒரு மாதமும் தவறாதவள். அறிவுமதி போன் போட்டாள்.

"இன்னாக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா? அளவு வரலியே."

மறுமுனையில் குரல் தாழ்ந்து வந்தது. "யாருகிட்டயும் சொல்லாத அறிவு. நாள் தள்ளிப் போயிருக்குது. கெணத்தாண்ட எட்டிப் பாக்கக் கூடாதுன்னுட்டாரு உங்க மாமா."

ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போனது அறிவுமதிக்குத் தெரியும். "பத்திரமா இருந்துக்கக்கா" என்றாள்.

"போன மாச அளவையே அனுப்பிடலாம்னு பாத்தேன். மனசு வரல."

"அனுப்பாததே நல்லதுக்கா."

பூஜ்ஜியத்தை நீக்கியதும் ஏரி மறைந்தது. மேலதிகாரி இராமச்சந்திரன் எட்டிப் பார்த்தார். "சுத்தி இருக்கிற கிணறுங்களோட சராசரியப் போட்டு அடைச்சிடும்மா."

"எல்லாம் தூரத்துல இருக்குது சார். நடுவுல பாறை வேற. அந்தப் பக்கத்துத் தண்ணிய வச்சு இந்தப் பக்கம் சொல்ல முடியாது. வெள்ளையாவே விட்டுடறேன்."

"ஏன் அளக்கலன்னு கேட்டா?"

"அளக்க முடியலன்னு மட்டும் எழுதறேன் சார்."

அவள் முகத்தைப் பார்த்தவர், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலையசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தொண்டூருக்கு பஸ் ஏறினாள். மகாலட்சுமியின் கணவன் தனகோட்டி நாடாவும் கையுமாகக் காத்திருந்தான். "சொல்லிக் குடும்மா, இனிமே நானே அளந்துடறேன்." கற்றுக்கொண்டு கிணற்றோரம் குனிந்தவனை, தூரத்துப் புங்கமர நிழலிலிருந்து மகாலட்சுமி அதட்டினாள். "நாடாவ ஆட்டாத! நேரா உடு!"

அறிவுமதி அவளருகே வந்து உட்கார்ந்தாள். அதட்டல் அடங்கியது.

"இந்த வாட்டி நிக்கும்ல, அறிவு?"

நிற்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அறிவுமதி அதைச் சொல்லவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மகாலட்சுமியும் திரும்பக் கேட்கவில்லை. விரல்களை இறுக்கிக்கொண்டு, கிணற்றடியில் நிற்கும் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.